நாகலூர் ஓடையில் ஒரு பம்பும் ஒரு செவலைப் பசுவும்

"ஏனுங்க, உங்க பம்பு ஓடலீங்க. வந்து பாருங்க."

குக்கர் வால்வைச் சரிசெய்வது எப்படி என்று நான் போட்டிருந்த ஒரு நிமிட வீடியோவின் அடியில் இப்படி ஒரு கருத்து வந்து விழுந்தது. குக்கருக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "கை உங்களதுதானுங்களே. கட்டைவிரல் நகம் ரெண்டாப் பொளந்த கை" என்று பதில் வந்தது. எழுதியவர் பெயர் ஸ்டெல்லா. ஊர் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூர்.

நகம் பிளந்த கை என்னுடையதுதான். அம்பத்தூரில் குழாய்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் உட்கார்ந்து சின்னச் சின்ன வீடியோக்கள் எடுப்பேன். ஒழுகும் குழாயை நிறுத்துவது, உடைந்த வாளியில் உரம் தயாரிப்பது, கிழிந்த குடையை விளக்குக்கு மூடியாக்குவது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் வீட்டில் குழாய் ஒழுகுகிறவர்கள்.

அந்த வரிசையில்தான் ஒரு பம்பும் செய்து காட்டியிருந்தேன். அதற்குக் கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். ஓடும் தண்ணீரைக் குழாயில் வேகமாக இறக்கினால் ஒரு வால்வு பட்டென்று மூடிக்கொள்ளும். ஓடிவந்த வேகத்தில் முட்டிக்கொண்ட தண்ணீர் வேறு வழியில்லாமல் கொஞ்சம் மேல்குழாயில் ஏறும்; மிச்சம் வெளியே கொட்டி ஓடைக்கே போய்விடும். வால்வு மறுபடி திறக்கும், மறுபடி மூடும். டக், டக், டக். தண்ணீர் தன்னையே உதைத்து மேலே ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு. என் பால்கனியில் அது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வாங்கி, மொட்டைமாடித் தொட்டிக்கே கொஞ்சம் திருப்பி அனுப்பியது. இதனால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை என்று கீழ்வீட்டுக்காரர் அப்போதே சொன்னார்.

"வருகிறேன்" என்று பேச்சுக்குத் தட்டிவிட்டேன். உடனே எந்த பஸ், எந்த நிறுத்தம், மட்டன் சாப்பிடுவீர்களா என்று வரிசையாகச் செய்திகள் வந்தன. என் மனைவி படித்துவிட்டு, "நீங்க சொன்னதை ஒருத்தங்க செஞ்சே பார்த்திருக்காங்க. போய் மூஞ்சியைக் காட்டிட்டு வாங்க" என்றாள்.

லீவு போட்டேன். ஸ்பேனர் செட்டை விடக் கவனமாக கேமரா ஸ்டாண்டையும் சட்டையில் குத்தும் மைக்கையும் எடுத்துவைத்தேன். மலைமேல் தண்ணீர் ஏறும், ஏழைப் பெண் கண்கலங்குவார், நான் அடக்கமாகச் சிரிப்பேன். முழு வீடியோவும் மனதுக்குள் தயாராக இருந்தது.

சேலம் பஸ் நிலையத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்து அமுக்கித் தருகிறார்கள். ஒரே வாயில் போடவும் முடியாது, கடித்தால் பாதி சட்டையில். சட்னிக் கறையோடு மலை பஸ்ஸில் ஏறினேன்.

முன்சீட்டில் ஒரு இளைஞர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "ஹாய் மக்களே" என்று ஒவ்வொரு கொண்டைஊசி வளைவையும் உலகத்துக்கு அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தார். பாதி மலை ஏறியதும் அவர் குரல் கம்மியது. கண்டக்டர் வந்து தோளைத் தட்டி, "ஏனுங்க தம்பி, போனை உள்ள வைங்க. தலையை வெளிய வைங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மக்களுக்கு அவர் காலையில் சாப்பிட்ட பொங்கலையே காட்டிவிட்டார்.

நாகலூரில் இறங்கியபோது ஸ்டெல்லா நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி, வேகம், கையில் மடித்த குடை. வணக்கம் சொல்லக் கையை எடுத்தேன். கையைப் பிடித்துத் திருப்பிக் கட்டைவிரலைப் பார்த்தார். "அவருதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

வழியெல்லாம் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி. சென்னையில் இந்த நேரம் தார் ரோடு ஷூவோடு ஒட்டும். இங்கே குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் மண் வெளுத்துப்போயிருந்தது. பூ பூக்கிற காலத்தில் வரவேண்டிய மழை அந்த வருஷம் வரவே இல்லை என்றார் ஸ்டெல்லா.

மதியம் சாமைச் சோறு, கொள்ளு ரசம், அரசாணிக்காய்ப் பொரியல். எங்கள் ஊரில் பரங்கிக்காய் என்று மூக்கைச் சுளிக்கும் அதே காய்தான். இங்கே மிளகு தட்டிப்போட்டதில் மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன். பிறகு டம்ளரில் டீ வந்தது. காப்பிக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்து டீயா என்றேன்.

"காப்பி விக்கறதுக்குங்க. டீ குடிக்கறதுக்கு" என்றார் ஸ்டெல்லா.

அவர் கணவர் ஆரோக்கியம் பக்கத்து எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறார். ஆள் அதிகம் பேசுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் என்னைச் சரிவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஸ்டெல்லாவுக்கு அம்மா வழியில் வந்த நிலம். போன மழைக்கு வைத்த காப்பிக் கன்றுகள் முழங்கால் உயரத்தில் வரிசையாக நின்றன. பல கன்றுகளில் இலைகள் காதைப்போலச் சுருண்டிருந்தன. ஓடை கீழே, கன்றுகள் மேலே. மேட்டில், பம்பிலிருந்து ஏறிவரும் குழாய் முடிகிற இடத்தில், ஒரு காலி நீல டிரம். ஸ்டெல்லா குடத்தில் சுமந்து சுமந்து ஊற்றியதில் முழங்கால் வீங்கி, டாக்டர் சுமக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"காட்டேஜ் கட்டறதுக்கு சேலத்துக்காரரு ஒருத்தரு கேக்கறாருங்க" என்றார் ஆரோக்கியம். "ஞாயித்துக்கெழமை முடிவு சொல்றன்னு சொல்லியிருக்கறனுங்க. பம்புல தண்ணி ஏறலைன்னா வித்தர்லாமுங்க. கண்ணெதுக்க காயறதப் பாத்துட்டு இருக்க முடியலீங்க."

அன்று வியாழக்கிழமை. நான் கேமரா ஸ்டாண்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கீழே ஓடையில் பம்பு இருந்தது. வால்வுகள் சரி, காற்று நிற்கும் குப்பி சரி, இணைப்புகளில் சொட்டு ஒழுகலில்லை. ஆனால் தண்ணீர் இறங்கும் குழாய் மட்டும் நீல ரப்பர் ஓஸ். வால்வைக் கையால் அழுத்தி விட்டேன். 'தொப்' என்றது. அவ்வளவுதான்.

"இரும்புக் குழாய் போடணுங்க. ரப்பர்னா அந்த உதையை வாங்கி உப்பிப்போய் தானே முழுங்கிடும். வீடியோலயே சொல்லியிருந்தேனே?"

"சொல்லலீங்க."

"சொன்னேங்க."

ஸ்டெல்லா போனை எடுத்து நீட்டினார். என் கைதான், என் பால்கனிதான். ஆனால் யாரோ என் வீடியோவைத் திருடி, நடுவில் பாதியை வெட்டி, கல்யாண மேளத்தைப் பின்னால் ஓடவிட்டு, இயந்திரப் பெண் குரலில், 'நண்பர்களே, இந்த முதியவர் செய்த அதிசயத்தைப் பாருங்கள்' என்று போட்டிருந்தார்கள். அதை என் வீடியோவை விடப் பல மடங்கு பேர் பார்த்திருந்தார்கள். திருடியது கூடப் பரவாயில்லை. கையை மட்டும் பார்த்து முதியவர் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

அது இரும்புக் குழாய் என்று நான் சொன்னது வெட்டிய பாதியில்தான் இருந்தது. மிச்சம் இருந்த பெயின்ட்டில் நான் அதற்கு நீல வண்ணம் அடித்திருந்தேன். பார்த்தால் அச்சு அசல் ஓஸ்.

"அப்ப நான் ஏமாந்தது உங்ககிட்ட இல்லீங்களா?" என்றார் ஸ்டெல்லா, கொஞ்சம் ஏமாற்றத்துடன். திட்டுவதற்கு ஆள் நேரிலேயே கிடைத்தும் உபயோகமில்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலை ஏற்காடு ஊருக்குள் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். எங்கோ இடித்த காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகையிலிருந்து வந்த நீளக் குழாய் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் வழியே ஸ்டெல்லா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துவிட்டு "ஓட்டையில்லீங்க" என்றார். பஸ்ஸில் குழாயோடு ஏறப் பார்த்தோம். பயணிகள் குழாயையும் என்னையும் ஒரே மாதிரி பார்த்தார்கள். கடைசியில் கல்யாண வீட்டு நாற்காலிகளை ஏற்றிப்போன ஒரு குட்டியானை வண்டிக்காரர் இடம் கொடுத்தார். நாற்காலிகளுக்கு மேல் குழாய், குழாய்க்கு மேல் நான், பறக்காமல் இருக்க.

ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. ரோட்டோரம் ஒரு காட்டெருமை, கறுப்பாக, சுவர் மாதிரி. எதிரே நின்ற காரிலிருந்து ஒரு குடும்பமே இறங்கிப் போனைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தது. அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். எருமை மூச்சு விட்டது. அது இங்கே வரைக்கும் கேட்டது.

எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க! லைக்கு வாங்கறம்னு குடலைக் குடுத்துட்டுப் போயிராதீங்க! அது உங்க வீடியோவெல்லாம் பாக்கறதில்லீங்க!"

குடும்பம் காருக்குள் ஓடியது. எருமை நிதானமாக ரோட்டைக் கடந்தது. டிரைவர் பெருமூச்சு விட்டுத் தன் போனை எடுத்து அதன் பின்புறத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் குழாயைப் பொருத்தினோம். ஓடையில் தண்ணீர் தேங்குவதற்காக மணல் மூட்டைகளை ஸ்டெல்லா அடுக்க, நான் மரை முறுக்கினேன். கையால் வால்வை அழுத்தி அழுத்தி விட்டேன். தோள் கழன்றுவிடும் போலிருந்த நேரத்தில் அது தானாகவே அடித்தது. டக். டக். டக். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டார்.

கேமரா ஸ்டாண்டை விரித்தேன். அப்போதுதான் கோவிந்தன் வந்தார்.

ஓடையின் கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல். தோளில் துண்டு, கையில் மண்வெட்டி, முகத்தில் நெருப்பு.

"ஏம்மிணி, ஓடைய அடைச்சுப்போட்டு என்ன விளையாட்டு இது? என்ற மாடு தண்ணிக்குப் போயி வறண்ட கல்லை நக்கிட்டு நிக்குது!"

அது உண்மைதான். மூட்டை அடுக்கித் தேக்கியதில் கீழே கொஞ்ச நேரம் தண்ணீர் போகவில்லை. நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எல்லாம் தெரியுமுங்க சார். நான் வீடியோவே பாத்துட்டன். இந்த மாதிரி பம்பு வெச்சு ஒருத்தன் குளத்தையே உறிஞ்சிப்போட்டான். கடைசில மீனெல்லாம் துள்ளுது. நொம்பப் பாவம்."

"அது பொய் வீடியோங்க."

"மீனு பொய்யா துள்ளுமுங்களா?"

கேட்ட கையோடு கோவிந்தன் மண்வெட்டியின் பின்பக்கத்தால் மூட்டைகளைத் தள்ளிவிட்டார். தண்ணீர் இறங்கியது. பம்பு இருமுறை அடித்து நின்றது. நாளைக்குள் இதை எடுக்காவிட்டால் ஊர்க்காரர்களைக் கூட்டிவருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஸ்டெல்லாவின் சமையலறையில் உட்கார்ந்து, கோவிந்தனுக்காகவே ஒரு வீடியோ தயாரித்தேன். குழம்புக் கரண்டி ஓடை, டிபன் பாக்ஸ் பம்பு, முருங்கைக்காய் குழாய். தண்ணீர் எங்கே போகிறது என்று அம்புக்குறிகள். வெளியே கொட்டும் தண்ணீர் ஓடைக்கே திரும்பிவிடும் என்பதற்கு ஒரு தனி அம்பு. என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை. ஆரோக்கியம் பார்த்துவிட்டு, "முருங்கக்கா நல்லாருக்குங்க" என்றார்.

காலையில் டீக்கடையில் ஸ்டெல்லா அதைக் கோவிந்தனிடம் நீட்டினார். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு வாய் உறிஞ்சினார். கட்டைவிரலால் என் வீடியோவை மேலே தள்ளினார். அடுத்து ஒரு வெளிநாட்டு ஆள் வெறுங்கையால் நீச்சல்குளம் தோண்டினான். கோவிந்தன் அதை முழுசாகப் பார்த்தார். பிறகு ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. அதை இரண்டு முறை பார்த்தார்.

"அம்மிணி, இந்தத் திமிலப் பாரு."

ஸ்டெல்லா பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "ஏனுங்ணா, இதெல்லாம் ஒரு மாடுங்களா? உங்க செவலை முன்னால நிக்குமுங்களா?"

கோவிந்தன் நிமிர்ந்தார். "நிக்காது."

"சென்னைல இருந்து சார் கேமராவோட வந்திருக்கறாரு. செவலை ஓடைல தண்ணி குடிக்கறாப்புல ஒரு வீடியோ புடிக்கலாமுங்களா?"

"அதெல்லாம் எதுக்கு அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே டீக்காசைக்கூட மறந்து அவர் எழுந்துவிட்டார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. ஸ்டெல்லா என் காதருகே, "மூட்டைய நொம்பத் தணிவா, தண்ணி மேல வழியறாப்புல வெச்சுட்டு வர்றனுங்க. பம்ப முடுக்கிவிட்டுட்டு அப்புறமா வர்றேன். நீங்க மாட்டப் புடிச்சுட்டே இருங்க. சீக்கிரம் முடிச்சுப்போடாதீங்க" என்றார்.

முடிப்பதா? முடிக்கிற சினிமாவா அது! கோவிந்தன் செவலையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் மணி கட்டிக் கூட்டிவந்தார். தானும் வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தார். ஓடைக்குள் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் பசுவின் பக்கத்தில் நின்றார். கேமரா ஓடியது. பசு தண்ணீர் குடிக்கவில்லை. கேமராவையே பார்த்தது. நிறுத்தினேன், குடித்தது. ஓடவிட்டேன், நிமிர்ந்தது.

"எடப்பக்கம் எடுக்காதீங்க சார், அந்தக் கொம்பு கொஞ்சம் சாய்வு."

வலப்பக்கம் போனேன். அங்கே பாறை வழுக்கி உட்கார்ந்தேன். பேன்ட் நனைந்தது. கோவிந்தன் என்னைத் தூக்கிவிடவில்லை, கேமராவைத் தூக்கினார். வெயில் உச்சிக்கு வந்தது. ஸ்டெல்லா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக் கரையில் நின்றபடியே சாப்பிட்டோம். மறுபடி எடுத்தோம். எடுத்ததையெல்லாம் கோவிந்தன் உடனுக்குடன் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல என்னமோ டக்கு டக்குன்னு சத்தம் வருதே?"

கேமராவைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு காதிலிருந்து எடுத்தார். சத்தம் நிற்கவில்லை, மேலே மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அந்தச் சனியன் ஓடுதா?"

"காத்தாலருந்தே ஓடுதுங்ணா" என்றார் ஸ்டெல்லா.

கோவிந்தன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தண்ணீர் கணுக்காலில்தான் இருந்தது. பசுவின் கால்களைப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. ஒரு கல்லைக் காலால் புரட்டினார். ஸ்டெல்லா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். இரண்டு நாட்களாக என்னை அதட்டிக்கொண்டிருந்த பெண்.

"என்னைய நிக்கவெச்சு அளந்திருக்கற" என்றார் கோவிந்தன்.

"ஆமாங்ணா. சொன்னா கேக்க மாட்டீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், அந்தச் சத்தத்த எடுத்துப்போட்டுப் பாட்டுப் போடுங்க. செவலைக்கு எடுப்பா இருக்கணும்." பிறகு ஸ்டெல்லாவிடம், "மூட்டைய இதுக்கு மேல ஒசத்தின, நானே வந்து பிரிப்பன். பாத்துக்க" என்றார்.

அவ்வளவுதான் அனுமதி.

அந்த நேரத்தில் சரிவில் சருகு நொறுங்க யாரோ இறங்கி வந்தார்கள். ஆரோக்கியம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏனுங்க, டிரம்மு நெறஞ்சு வழியுது. கையால பொத்திப் பாத்தன், நிக்க மாட்டீங்குது. யாராச்சும் வந்து பாருங்களேன்!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மேலே தண்ணீர் ஏறுகிறதா என்று காலையிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. எதைப் படம்பிடிக்க சென்னையிலிருந்து வந்தேனோ, அந்தத் தண்ணீர் முதன்முதலாக மேட்டில் வந்து விழுந்தபோது நான் ஒரு பசுவின் வலக்கொம்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வீங்கிய முழங்காலோடு சரிவில் ஓடினார். நான் பின்னால் போனபோது அவர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு, வழிகிற தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். கேமரா கழுத்தில்தான் தொங்கியது. எடுக்கவில்லை.

செவலை வீடியோவை அன்றே போட்டோம். அதன் அடியில் கோவிந்தன் சொல்லச் சொல்ல, 'மாட்டுக்குப் பின்னால் கேட்பது கரண்டில்லாத பம்பு, தண்ணீர் குறையாது, நானே நின்று பார்த்தேன்' என்று நான் தட்டச்சு செய்தேன். சத்தத்தை எடுக்க வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் அவரே சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் கரடியூரிலிருந்து ஒருவர் பம்பைப் பற்றிக் கேட்டார். மற்ற அத்தனை பேரும் பசு விலைக்கு வருமா என்றுதான் கேட்டார்கள்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு இருவரும் சரிவில் இறங்கினார்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேலத்துக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். ஆரோக்கியம் இரண்டாம் முறை எடுத்து, "மழை முடியட்டுமுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்தார். மறுத்ததாகவும் சொல்ல முடியாது.

ஸ்டெல்லா முன்னால் போனார். ஒவ்வொரு கன்றின் தண்டையும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். தோலுக்கு அடியில் பசுமை தெரிந்தால் உயிர் இருக்கிறது; பழுப்பாக இருந்தால் இல்லை. "இருக்குது" என்றால் பின்னால் வரும் ஆரோக்கியம் டிரம்மிலிருந்து மொண்ட தண்ணீரை ஊற்றுவார். "போச்சு" என்றால் தாண்டிப்போவார். இருக்குது, இருக்குது, போச்சு, இருக்குது. மேல் வரிசைகளில் 'போச்சு' அதிகமாக வந்தது. ஸ்டெல்லாவின் குரல் மாறவில்லை. நடை மட்டும் மெதுவானது.

கடைசி வரிசையில் முழங்கால் வலித்து அவர் உட்கார்ந்துவிட்டார். ஆரோக்கியமே சுரண்டிப் பார்த்து ஊற்ற ஆரம்பித்தார். "இருக்குது" என்றார். அடுத்ததற்கும் "இருக்குது." அதற்கடுத்ததற்கும்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அந்த மூன்றாவது கன்றில் ஒரு இலைகூட இல்லை. சுரண்டிய இடம் பழுப்பு.

"அது செத்துப்போச்சுங்க" என்றார் ஸ்டெல்லா.

"தெரியும் புள்ள" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம் அதற்கும் தண்ணீரைச் சாய்த்து, மண் முழுசும் உறிஞ்சுகிறவரை அங்கேயே குனிந்து நின்றார்.